ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

அன்புள்ள மருமகளுக்கு,

கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் அணைந்துவிடுகிறது, கம்பம் ஊரிலிருந்து ஆள் வந்து இரண்டு தடவை ஃபார்மட் அடித்தும் தீரவில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். மூன்றாவது தடவை அடிக்க விடாதே. ஃபார்மட் அடித்தால் கோளாறு போகிறதோ இல்லையோ, எதனால் வந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் முதலில் போய்விடும். உன் ப்ராஜெக்ட் ஃபைல்களை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, மீதியைப் படி.

உங்கள் ஊர் பவர் ஹவுஸில் ஒரு மெஷின் டிரிப் ஆனால், ஆபரேட்டர் ஓடிப்போய் உடனே திருப்பி ஓட்டிவிட மாட்டார். எந்த ரிலே விழுந்தது, அப்போது லோடு எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்து எழுதிவிட்டுத்தான் ரீசெட். தாத்தாவைக் கேள், விடிய விடியச் சொல்வார். நீயும் ஒரு நோட்டுப் போடு. தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், திரையில் என்ன வந்தது, கரண்ட் போய் வந்ததா, வீட்டில் மோட்டார் ஓடியதா. ஒரு வாரம் எழுதினால் போதும், பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

முதலில் தெரிய வேண்டியது, திரையில் எழுத்து வந்து நிற்கிறதா அல்லது சுவிட்சைத் தட்டினாற்போல் சட்டென்று அணைகிறதா என்பதுதான். எழுத்து வந்தும் நீ படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரி’ என்ற இடத்துக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடு. பிறகு ஈவென்ட் வியூவரைத் திற. ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பாக நிற்கும். அதைப் பார்த்ததும், உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போச்சு என்று சொல்கிறவர்கள் நிறைய. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி கிளம்பியது என்பதற்கு மேல் 41 ஒன்றும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் ‘பக்செக் கோடு’ என்ன என்று பார். 0 என்று இருந்தால், பெரும்பாலும் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட், சூடு, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் தேடு. ஹேங் ஆகி நீயே பட்டனை அழுத்தி அணைத்தாலும் 0தான் வரும். அதற்கும் நோட்டுத்தான் சாட்சி.

உன் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது இன்வெர்ட்டரை. கரண்ட் நின்ற பிறகு ஒரு எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு நேரம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்த இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தால், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் விழுந்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் ‘நார்மல்’, ‘யு.பி.எஸ்.’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. நார்மலில் வோல்டேஜ் மிகவும் இறங்கும்வரை பேட்டரிக்கு மாறாது, யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும். காசு செலவில்லாத வேலை, இன்றைக்கே செய். பவர் ஹவுஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், கரண்ட் சுத்தமாக வரும் என்று அப்பா சொல்வார். அங்கே எடுக்கிற மின்சாரம் உயர் அழுத்தத்துக்கு ஏறி ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. உன் வீட்டுக்கு வருவது தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து.

அடுத்தது சூடு. ஆனி, ஆடியில் குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்று ஜன்னலோர மேஜையில் என்ன கொண்டுவந்து கொட்டும் என்று உனக்கே தெரியும். ஒயரைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பிரிக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

திரையில் எழுத்து வந்தால் தேடல் வேறு பக்கம் போகும். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டு, பிறகு மற்றதை. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதே. சேஃப் மோடில் விழாமல் ஓடினால் டிரைவரையோ புதிதாகப் போட்ட சாஃப்ட்வேரையோ பார்.

ஆனால் திரை சொல்வதை அப்படியே நம்பிவிடாதே. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர் வைத்திருந்த பலருக்கு கேம் ஓடும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்தது. கிராபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள், கேமைத் திட்டினார்கள். கோளாறு பிராசசர் கேட்டு வாங்கிய அதிகப்படி வோல்டேஜில் இருந்தது என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அதே 2024 ஜூலை 19 அன்று நேர் எதிராக ஒன்று நடந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஹார்டுவேர் எதுவும் கெடவில்லை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் மெஷின் எழுந்தது. அன்றைக்கு அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தவர்கள் இருந்தால், அத்தனையும் வீண் வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இன்வெர்ட்டர் சுவிட்ச், தூசி, ரேம் மூன்றையும் ஒரே நாளில் செய்து சரியாகிவிட்டால், எது சரி செய்தது என்று தெரியாது; திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு வாரம் எழுதிய பிறகு நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்க்காமல் எஸ்.எம்.பி.எஸ். வாங்கவோ ரேம் வாங்கவோ அப்பாவிடம் காசு கேட்காதே.

அன்புடன்,
மாமா