தனுஷ்கோடியில் கடைத்தெருவைத் தேடினோம்



சுந்தரபாண்டியத்திலிருந்து நம் உறுப்பினர்கள் சிலர் வேன் பேசிக்கொண்டு ராமேஸ்வரம் போய் வந்தோம். தரிசனம் முடிந்த பிறகு தனுஷ்கோடியையும் பார்த்தோம். அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறந்துவிட்டதால் வேனே கடைசிவரை போகிறது. மணலில் ஜீப்பில் குலுங்கிப் போன காலம் மலையேறிவிட்டது.

கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிற்கின்றன. வியாபாரிகள் அல்லவா, எங்கள் கண் கடைத்தெருவைத்தான் தேடியது. ஒரு படிக்கல்கூட அகப்படவில்லை.

அந்த ஊர் எதனால் பிழைத்தது? 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதுவரை தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயில் தனுஷ்கோடிக்கு வரத் தொடங்கியது. சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை போகலாம். ரயிலை விட்டு இறங்கினால் கப்பல். கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். போகிறவர், வருகிறவர், வழியனுப்புகிறவர், கூலிக்காரர், சுங்கச் சிப்பந்தி: ஊருக்கு வாடிக்கை அவர்கள்தான். மீன்பிடித் தொழிலும் இருந்தது. ஆனால் கடைகளுக்குப் பெரிய வரும்படி ரயிலும் கப்பலும்தான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துப் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் ரயிலோடு போனார்கள். ஊரும் போனது. எத்தனை கடைகளின் பற்று நோட்டுகள் அந்த ராத்திரியில் கரைந்தனவோ!

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது. அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்து ரயில் விட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. புயல் இடித்த ஊர்கள் எழுந்து நின்றது உண்டு. பாதை மாறிய ஊருக்கு யார் கடை போடுவார்?

இன்னொன்றையும் பாருங்கள். 1914-ல் போட் மெயிலை இழந்த தூத்துக்குடி படுத்துவிடவில்லை. அதற்குத் துறைமுகச் சரக்கு இருந்தது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டு கப்பல் நின்றபோது ராமேஸ்வரமும் தாங்கியது. கோயில் இருந்தது. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது, அந்தச் சம்பளத்தை நம்பிக் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

திரும்பும் வழியில் பரமக்குடியில் டீ குடித்தபோது பேச்சு நம் ஊருக்கு வந்தது. மளிகைக்கடை உறுப்பினர் ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் கடையில் பற்று வைத்திருப்பவர்களில் முக்கால்வாசி தறிக்காரக் குடும்பங்கள். சனிக்கிழமை கூலி வந்தால்தான் அவருக்கும் வசூல். எண்ணி முடித்தவர் டீயை ஆறவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உறுப்பினர்கள் அவரவர் பற்று நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பென்சிலால் குறித்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தொகை எழுத வேண்டாம். அது அவரவர் பெட்டிக்குள் இருக்கட்டும்.