புதிய ஊரின் பழைய பாடல்

கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புதிய ஊர். ஓசூரின் பெயரிலேயே அண்டை மொழி குடியிருக்கிறது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. வீடுகளில் ஒலித்த தெலுங்கையும் கன்னடத்தையும் அக்கோடு தடுக்கவில்லை. பின்னர், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடிப் பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து குடியேறினர்.

இங்குப் பள்ளியில் தமிழ் பயிலும் மாணவர் பலர், பாட்டியின் தாலாட்டை வேறொரு மொழியில் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மொழியைப் பேசுவர், அவருள் எழுத அறியாதாரும் உளர். எழுதப்படாத பாடல் பாடியவரோடு மறைந்துவிடும். தாம் கற்ற தமிழெழுத்திலேனும் அதனைக் குறித்து வைத்தால், இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வரலாறு அழியாமல் நிற்கும்.