சீட் கவர்: போடச் சொல்வதா, வேண்டாம் என்பதா?

வணிகப் பாடம்: ஸ்போர்ட்ஸ் கார் வாடிக்கையாளருக்கு யோசனை சொல்லும் முறை

கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் உறுப்பினர்களுக்கும், ரெக்சின், ஃபோம், சீட் துணி ஆகியவற்றை மொத்தமாக எடுத்து விற்கும் உறுப்பினர்களுக்கும் உரியது இந்தப் பாடம். மற்ற தொழில் செய்யும் அன்பர்களும் படிக்கலாம். கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுப்பதா, கேட்டவருக்கு எது ஏற்றதோ அதைச் சொல்வதா என்ற கேள்வி எல்லாக் கடைகளிலும் உண்டு.

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரக் கடைகளுக்கு நாற்பது ஆண்டுகளாக ரெக்சின் கொடுத்து வருகிறேன். ரெக்சின் விற்பவனே 'சில கார்களுக்குக் கவர் வேண்டாம்' என்று எழுதலாமா என்று சிலர் நினைக்கக் கூடும். எழுதத்தான் வேண்டும். காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

பழைய வழக்கமும் புதிய சீட்டும்

அம்பாசிடர், பியட் காலத்தில் புதுக் கார் எடுத்தவர் கோயிலில் பூஜை முடித்த கையோடு சீட் கவர் கடைக்குத்தான் வருவார். அது சரியான வழக்கமே. அன்றைய சீட் சமதளமானது. எந்தக் கவரும் பொருந்தும். சீட்டுக்குள் கம்பிச் சுருளும் தேங்காய் நாரும் தவிர வேறு ஒன்றும் இருக்காது. கவர் கிழிந்தால் மாற்றிக் கொள்ளலாம், அடியில் உள்ள துணி புதிதாகவே இருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காரின் சீட் வேறு வகை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் 1906-இல் தொடங்கிய ராய்ட்டர் என்ற கார் கூடு கட்டும் நிறுவனம், 1963-இல் கூடு கட்டும் தொழிலைப் போர்ஷே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, ரெகாரோ என்ற பெயரில் சீட் தொழிலில் இறங்கியது. 1965 பிராங்க்பர்ட் கண்காட்சியில் அது காட்டிய ஸ்போர்ட்ஸ் சீட் உலகம் முழுவதும் பின்பற்றப்பட்டது. அதன் சிறப்பு இருபுறமும் எழும்பி நிற்கும் பக்கத் திண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடம்பு சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தப் பந்தயம் 1990-இல் நம் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 2021-இல் அங்கிருந்து ஐ20 என் லைன் விற்பனைக்கு வந்த பிறகு, இவ்வகை சீட் நம் வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே, 'ஸ்போர்ட்ஸ் கார் பணக்காரர் விஷயம், நம் கடைக்கு வராது' என்று இருந்துவிட முடியாது.

சீட்டுக்குள் இருக்கும் காற்றுப்பை

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். பக்கவாட்டு ஏர்பேக் என்பது கதவில் இருப்பதன்று. பெரும்பாலான கார்களில் முன் சீட்டின் சாய்மானத்தில், கதவுப் பக்கத் திண்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இடி விழுந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் திண்டின் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து விரிய வேண்டும். முன்பக்க இடி என்றால் காரின் மூக்கு நசுங்கும் நேரமாவது கிடைக்கும். பக்கத்தில் கதவுக்கும் விலா எலும்புக்கும் இடையே ஒரு சாணுக்குக் கூடக் குறைவான இடம்தான். அந்த நேரத்தில் ஒரு ரெக்சின் சுவரைப் பிளக்கவும் வேண்டுமென்றால், ஏர்பேக் தாமதமாக வரும், அல்லது தவறான திசையில் விரியும்.

நம் தையல்காரர்கள் நல்ல நோக்கத்தோடு செய்யும் ஒரு காரியம் இங்கே கேடாகிறது. 'பக்கத்தில்தான் சீக்கிரம் கிழியும்' என்று நைலான் நூலில் இரட்டைத் தையல் போடுவார்கள். கார் நிறுவனமோ அதே இடத்தில் வேண்டுமென்றே எளிதில் பிரியும் தையல் போட்டிருக்கிறது. மற்ற எந்த இடத்திலும் உறுதியான தையல் கடைக்குப் பெருமை. இந்த ஒரு இடத்தில் அதுவே குற்றம்.

இது விலை உயர்ந்த கார்களுக்கு மட்டுமான செய்தி என்று எண்ண வேண்டாம். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. முன் சீட்டில் அருகில் அமர்பவருக்கும் 2021-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வந்த வரைவு பின்னர் தள்ளிப் போடப்பட்டு, 2023-இல் கைவிடப்பட்டது. ஆனால் சந்தை அதற்குள் நகர்ந்துவிட்டது. 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லாக் கார்களிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே வருகின்றன.

கடைப் பையனுக்கும் புரியும்படி ஒரு கணக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆறு ஏர்பேக் என்றால் முன்னே இரண்டு, கூரை ஓரத் திரை இரண்டு, மீதி இரண்டு சீட்டுக்குள். நான்கு என்றாலும் பெரும்பாலும் இரண்டு சீட்டுக்குள்தான். இரண்டு மட்டும் என்றால் சீட்டுக்குள் இல்லை. சாய்மானத்தின் கதவுப் பக்கத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு துணிச் சீட்டும் தைத்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்காமல் அளவு நாடாவை எடுக்கக் கூடாது.

வழுக்கல், வெயில், மழை

இரண்டாவது காரணம் பிடிமானம். ஸ்போர்ட்ஸ் சீட்டின் நடுப்பகுதியில் மான்தோல் போன்ற சொரசொரப்பான துணி வைப்பது அழகுக்காக மட்டுமன்று. உடம்பு நழுவாமல் இருக்கவே. 1970-இல் ஜப்பானில் டோரே நிறுவனம் கண்டுபிடித்து, இத்தாலியில் அல்கந்தாரா என்ற பெயரில் தயாராகும் துணி இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் மேல் வழவழப்பான ரெக்சினைப் போர்த்தினால், பிரேக் அழுத்தும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னே நழுவும். தொளதொளவென்ற எலாஸ்டிக் கவர் இன்னும் மோசம். கவரும் சேர்ந்து நகரும்.

மூன்றாவது காரணம் காற்று. துளையிட்ட சீட்டுக்கு அடியில் சிறு விசிறி வைத்துக் காற்று வரச் செய்யும் வசதி இப்போது பல கார்களில் உண்டு. வாடிக்கையாளர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். அதன் மேல் கவர் போடுவது மின்விசிறிக்கு உறை போடுவது போல. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பி.வி.சி. ரெக்சின் எப்படிச் சுடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

நான்காவது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. நனைந்த சீட் வெயிலில் காயும். கவருக்கு அடியில் அடைபட்ட ஈரம் காயாது. மேலே கவர் பளபளவென்று இருக்கும், அடியில் ஃபோம் பூஞ்சை பிடித்து நாறும்.

இன்னொரு செய்தி. தோல் என்று சொல்லி ரெக்சினை விற்காதீர்கள். ரெக்சின் என்பதே பழைய ஆங்கிலேய வணிகப் பெயர். செயற்கைத் தோல் முழுவதற்கும் நம் நாட்டில் அதுவே பெயராகிவிட்டது. இப்போது 'நாப்பா' என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதியும் செயற்கைத் தோலே. அது நல்ல பொருள்தான். அதன் பெயரில் சொல்லியே விற்கலாம்.

கவர் போட வேண்டிய இடமும் உண்டு

எல்லோரையும் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. சீட்டுக்குள் ஏர்பேக் இல்லாத பழைய கார், குழந்தைகளும் நாயும் ஏறும் கார், வெளிர் நிறச் சீட்டில் ஜீன்ஸ் சாயம் ஏறும் கார், தலை எண்ணெய் படிந்து பளபளக்கத் தொடங்கிய துணிச் சீட் ஆகியவற்றுக்கு ஏதோ ஒரு காப்பு தேவை. தாழ்ந்த காரில் ஏறி இறங்கும்போது ஓட்டுநரின் கதவுப் பக்கத் திண்டு முதலில் தேயும் என்பதும் உண்மையே.

முடிவு செய்ய நான்கு கேள்விகள் போதும்.

1. சீட்டுக்குள் ஏர்பேக் உண்டா? உண்டு என்றால், அந்த மாடலுக்கென்றே ஏர்பேக் தையலோடு தயாரித்து, பில்லிலும் அதை எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தின் கவர் மட்டுமே. அது கிடைக்காவிட்டால் சாய்மானத்துக்குக் கவர் இல்லை.

2. சீட்டில் காற்று வசதி உண்டா? உண்டு என்றால் கவர் வேண்டாம்.

3. தலைச் சாய்மானம் சீட்டோடு ஒன்றாக இருக்கிறதா? அப்படியானால் தயார் கவர் பொருந்தாது. சுருக்கம் விழும், நகரும்.

4. எதிலிருந்து காப்பாற்ற வேண்டும்? வியர்வை, சாயம், குழந்தை, மழை என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பின் சீட்டில் குழந்தை இருக்கை மாட்டும் கொக்கிகளும் பெல்ட் பூட்டுகளும் கவருக்குள் மறையக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.

கடையில் பேசும் முறை

ஒரு மாதிரி உரையாடல்:

"அண்ணே, புது வண்டி. நல்ல சிவப்பு, கறுப்புல ஒரு செட் போடணும்."

"போட்டுடலாம் தம்பி. வண்டியில ஏர்பேக் எத்தனை?"

"ஆறுண்ணே."

"அதுல ரெண்டு இந்த சீட்டுக்குள்ள இருக்கு, இதோ பாருங்க, எழுதியிருக்கு. இது மேல நான் இறுக்கித் தைச்சா, வேளை வரும்போது அது வெளியே வராது. உங்களுக்கு எதுக்குக் கவர்? அழுக்குக்கா, அழகுக்கா?"

"அப்பாவும் கூட வருவாரு, விபூதி, எண்ணெய் எல்லாம் படியும்ணே."

"அதுக்கு உட்காருற இடத்துக்கு மட்டும் வழுக்காத பருத்தி மேட் போடுவோம், தலை படுற இடத்துக்குச் சின்னத் துணி போடுவோம். ரெண்டையும் கழற்றித் துவைக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சீட்டைச் சுத்தம் பண்ணிக்குங்க."

இவ்வளவுதான். வாடிக்கையாளரைப் பயமுறுத்தவும் இல்லை, வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை.

இலாபக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 8,000 ரூபாய் கவரில் கடைக்கு 2,000 ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் 1,500 ரூபாய்க்குச் சீட் சுத்தமும் 3,000 ரூபாய்க்கு மேட்டும் கொடுத்தால் 700-ம் 600-ம் ஆக 1,300 ரூபாய் நிற்கிறது. 700 ரூபாய் குறைவு. ஆறு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் மறுபடி சுத்தம் செய்ய வந்தால் அந்தக் குறை தீர்ந்தது. அதற்கு மேல் வருவது எல்லாம் கூடுதல். தேய்ந்த பக்கத் திண்டைச் சீர்செய்யும் வேலையும் உண்டு. ஏர்பேக் உள்ள திண்டாக இருந்தால் அதைப் பிரிக்காமல், மேலேயே நிறம் ஏற்றிப் பழுது பார்ப்பதோடு நிறுத்த வேண்டும்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். சீட்டைக் கழற்றும்போது அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பான் ஏர்பேக்குக்கு உரியது. அதைக் கழற்றி வைத்துச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும். கருவி வைத்து அழித்தால்தான் அணையும். அதற்காக வாடிக்கையாளர் கம்பெனி சர்வீசுக்குப் போய் வந்தால், ஒரு கவரின் இலாபம் மட்டுமன்று, கடையின் பெயரும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 86-ஆம் பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்கிறது. பொருளை மாற்றியமைத்து அதனால் தீங்கு நேர்ந்தாலும், பொருத்துவதில் உரிய கவனம் காட்டாவிட்டாலும், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டாலும் விற்றவர் பொறுப்பாளி ஆகலாம். தாமே வெட்டித் தைத்துக் கொடுக்கும் கடை, தயாரிப்பாளரின் இடத்திலேயே நிற்கிறது. 'அவர்தான் கேட்டார், நான் போட்டேன்' என்பது போதிய பதிலாகாது.

இது ஏட்டுச் சட்டம் அன்று. சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப் விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கிளிப் சிறிய பொருள்தான், வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டதுதான். அதற்கு முன் 2017 டிசம்பரில் காரின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏர்பேக் உரிய நேரத்தில் இயங்க அவை தடையாகலாம் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. சரக்கு நிறைய வாங்கி வைத்திருந்த கடைகள் கையைப் பிசைந்தன. மொத்த வியாபாரிகள் இதைக் கவனத்தில் வைத்து, இனி ஏர்பேக் வசதி இல்லாத முழுக் கவரைக் குவித்து வைக்காமல் இருப்பது நல்லது.

கடையில் நடைமுறைப்படுத்த

ஒவ்வொரு பில்லிலும் காரின் மாடல், தயாரான ஆண்டு, ஏர்பேக் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதும் பழக்கம் கொண்டு வாருங்கள். காரின் கையேட்டில் சீட் கவர் பற்றிய எச்சரிக்கை இருந்தால் வாடிக்கையாளரிடமே அதைப் படிக்கக் கொடுங்கள். எவ்வளவு சொல்லியும் ஏர்பேக்கை மூடித்தான் தைக்க வேண்டும் என்பவரிடம், 'இந்த வேலையை மட்டும் நாங்கள் செய்வதில்லை' என்று சொல்லிவிடுங்கள். அவர் அடுத்த கடைக்குப் போனாலும் அதே பதில் கிடைக்க வேண்டும். ஆகவே ஒரு தெருவில் உள்ள கடைக்காரர்கள் கூடிப் பேசி இதில் ஒரே முடிவாக இருப்பது அவசியம். ஒருவர் மறுத்து மற்றவர் செய்தால் மறுத்தவருக்கே நட்டம். எல்லோரும் மறுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

கடை ஊழியர்களோடு பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நான்கு ஏர்பேக் உள்ள காருக்குத் தயார் கவர் கேட்டு ஒருவர் வருகிறார். முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

2. பக்கத் திண்டில் இரட்டைத் தையல் ஏன் கூடாது? தையல்காரருக்கு உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கிச் சொல்லுங்கள்.

3. உங்கள் கடையில் இன்று இருப்பில் உள்ள கவர்களில் ஏர்பேக் தையல் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை? இல்லாதவற்றை எந்தெந்தக் கார்களுக்கு மட்டும் விற்கலாம்?