பால் பைத்தான் சாப்பிட மறுக்கிறதா? முதலில் தொட்டியைக் கவனியுங்கள்

பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை வளர்க்கும் வீடுகளில் எல்லோரையும் ஒருமுறையாவது கலங்கவைக்கும் விஷயம், பாம்பு இரையைத் தொடாமல் இருப்பதுதான். "மூணு வாரமாச்சு, ஒண்ணும் சாப்பிடலை, செத்துடுமா?" என்று பதறிப்போய்க் கேட்பார்கள். உடல்நலத்தோடு இருக்கும் வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் தாங்கும். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு நடமாடும் பிராணி அது. பயம் வந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். பயந்த பைத்தான் சாப்பிடாது. அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பல அதன் பயத்தைப் போக்குவது பற்றியே பேசுகின்றன.

1. முதல் வேலை, வெப்பத்தை அளப்பது. தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். இரவிலும் 24-க்குக் கீழே போகவிடாதீர்கள். பாம்பு தன் உடலுக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. சூடு போதாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காது. செரிக்காது என்று உடம்புக்குத் தெரிந்தால் பசியும் எடுக்காது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது கண்ணாடி ஓரத்துக் காற்றின் அளவைத்தான் காட்டும். கம்பியின் நுனியில் உணர்முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, பாம்பின் வயிறு படும் தரையிலேயே நுனியை வையுங்கள். சூடேற்றும் விரிப்பு (ஹீட் மேட்) எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும், பாம்போ சுடுகிறது என்று சட்டென நகர்ந்துகொள்ளாது.

2. ஒளிந்துகொள்ள இரண்டு இடங்கள் வேண்டும், சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. ஒரே ஒரு மறைவிடம் இருந்தால், சூடா பாதுகாப்பா என்று பாம்பு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். மறைவிடம் பெரிதாக இருப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரில் உரச வேண்டும், வாசல் ஒன்றே இருக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

3. கண்ணாடித் தொட்டியானால் மூன்று பக்கமும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டுங்கள். உள்ளே வெட்டவெளி தெரியாதபடி பிளாஸ்டிக் இலைகள், மரப்பட்டை, கசக்கிய தாள் என்று நிரப்புங்கள். குட்டிப் பாம்பைப் பெரிய வெற்றுத் தொட்டியில் விட்டால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அதே குட்டியைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிய வாரமே எலியைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

4. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். கனடா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் காற்று உலர்ந்துபோகும். வலை மூடியின் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடி, தேங்காய் மட்டைத் தூளைத் தரையில் பரப்பி லேசாக ஈரப்படுத்துங்கள். தேவதாரு மரத்தூள் மட்டும் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

5. வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எங்கே பிறந்தது? கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டது? சுண்டெலியா, எலியா? உயிருள்ளதா, உறைய வைத்ததா? இத்தனைக்கும் விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். காட்டில் பிடித்து ஏற்றுமதியாகும் பைத்தான்கள் ஒட்டுண்ணிகளோடும் பீதியோடும் வருகின்றன, அவற்றைச் சாப்பிட வைப்பதுதான் மிகக் கடினம். கடத்தி வரப்படுபவற்றின் நிலைமை அதைவிட மோசம். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் துணிப்பையில் முடிந்து வந்த பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இந்தியாவில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இந்த வகை அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பதோ குற்றம்.

6. வீட்டுக்கு வந்த முதல் வாரம் பத்து நாள், தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் கையை உள்ளே விடாதீர்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய சோதனைதான், நண்பர்களைக் கூட்டிவந்து காட்டத் துடிப்பார்கள். மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு கையில் எடுக்கலாம் என்று வீட்டில் ஒரு விதி போட்டுவிடுங்கள்.

7. இரையின் அளவு. பாம்பின் உடம்பு எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ அந்தத் தடிமன்தான் கணக்கு. எடை பார்த்துக் கொடுப்பது இன்னும் நல்லது. ஒரு வயதுக்குள் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. அதற்குப் பிறகு மெல்ல அளவைக் குறைத்து, இடைவெளியை 10 முதல் 14 நாள் வரை நீட்டுங்கள். முழு வளர்ச்சி அடைந்ததற்கு 5, 6 சதவீதம் போதும், அதுவும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அதாவது ஒன்றரைக் கிலோ பாம்புக்கு 75 முதல் 90 கிராம் எலி. வளர்ந்த பாம்புக்கு வாரா வாரம் பெரிய எலி கொடுத்துக் கொழுக்கவைத்துவிட்டு, அது தானாக நிறுத்திக்கொண்டதும் "நோய்" என்று ஓடிவருகிறவர்கள் ஏராளம். அந்தப் பாம்புக்குப் பசியில்லை, அவ்வளவுதான்.

8. உறைந்த எலியை இளக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பாதிச் சிக்கல் இங்கேதான். முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் இரவு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பையை 15, 20 நிமிடம் அமிழ்த்துங்கள். வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள், நடுவில் கட்டியாக இருந்தால் இன்னும் உறைந்திருக்கிறது. மென்மையானதும் வெளியே எடுத்து, நனைந்திருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி, தலைப்பக்கம் மட்டும் ஹேர் டிரையரைச் சில விநாடி காட்டுங்கள். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும், வெப்பத்தை உணர்வது அவற்றால்தான். எலியின் மேல்தோல் 38, 40 டிகிரி இருந்தால் இருட்டிலும் அதற்கு இரை துல்லியமாகத் தெரியும். அறை வெப்பத்தில் கிடக்கும் எலி அதன் கணக்கில் இரையே இல்லை. கொதிநீர் கூடாது, தோல் கிழிந்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். இதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி சமையலறைக்கு வந்துவிடக் கூடாது.

9. நன்றாக இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு, 30 சென்டிமீட்டர் நீளமாவது உள்ள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள். மேலிருந்து இறக்காதீர்கள், காட்டில் மேலிருந்து வருவது கழுகு. தரையோடு தரையாக, மறைவிட வாசலுக்கு ஒரு சாண் முன்னால் மெல்ல அசையுங்கள். நாக்கு நிதானமாக நீண்டு நீண்டு உள்ளே போகும். தலை எலியோடு சேர்ந்து திரும்பும். பிறகு கழுத்து வளைந்து பின்வாங்கி, உடம்பு அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் எலியை மூக்கருகே கொண்டுபோய் இடிக்கக் கூடாது, தாக்குவதற்கு அதற்கு இடம் வேண்டும். பிடித்துச் சுற்றியதும் எலியின் பின்காலை இடுக்கியால் லேசாக இரண்டு முறை இழுத்துவிட்டால் இரை துடிக்கிறது என்று இன்னும் இறுக்கும். உடனே கையை எடுத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். மாறாக, தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு சரி.

10. சில பாம்புகள் நாம் பார்க்கும்போது சாப்பிடவே சாப்பிடாது. சூடாக்கிய எலியை ஒரு தாளின்மேல் மறைவிட வாசலில் வைத்து, தொட்டியைத் துணியால் மூடிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் மிச்சம் இருந்தால் குப்பைதான், மறுபடி உறைய வைக்காதீர்கள்.

11. சாப்பாட்டுக்கென்று பாம்பைத் தூக்கி வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். தொட்டிக்குள்ளேயே கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்பது வீண் பயம். தூக்கி மாற்றுவதுதான் அதைப் பதற வைக்கும்.

12. மறுத்துவிட்டால் மறுநாளே மீண்டும் நீட்டாதீர்கள். குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் இடைவெளி விடுங்கள். தினமும் நீட்டினால் அந்த எலியே அதற்குத் தொல்லையாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வெப்பம், மறைவிடம், எலி வகை மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

13. கண் பால்போல் மங்கி நிறம் வெளிறினால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது பெரும்பாலானவை சாப்பிடாது. உரித்து முடித்த இரண்டொரு நாளில் கொடுத்தால் ஆவலோடு பிடிக்கும்.

14. இனப்பெருக்கக் காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, 700, 800 கிராம் தாண்டிய ஆண்கள் நான்கு ஐந்து மாதம் கூடச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். முட்டை தரித்த பெண்ணும் அப்படித்தான். இந்தச் சமயத்தில் உங்கள் மனக்கலக்கத்தை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் மூடியுள்ள டப்பாவை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சட்டை உரித்த தேதி, மறுத்த தேதி எல்லாம் அதிலேயே இருக்கட்டும். எடை பெரிதாகக் குறையாதவரை பொறுத்திருக்கலாம். பத்து சதவீதம் குறைந்துவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

15. உயிருள்ள எலிக்குப் பழகிய பாம்பை மாற்றுவது கொஞ்சம் நாளெடுக்கும், ஆனால் மாற்றியே ஆக வேண்டும். மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும், பசியில்லாத பைத்தான் திருப்பித் தாக்காமல் சும்மா கிடக்கும். அப்போதுதான் கொன்ற எலியை முதலில் கொடுத்து, அடுத்து இளக்கிய எலிக்கு வாருங்கள். சுண்டெலி மட்டும் தின்னும் பாம்புக்கு, சுண்டெலிக் கூண்டின் பழைய மரத்தூளில் எலியைப் புரட்டிக் கொடுங்கள். ஆப்பிரிக்க மென்மயிர் எலி காட்டிலேயே அதற்கு இரை என்பதால் அதன் வாசனைக்குப் பல பாம்புகள் மசிகின்றன. நைஜீரியாவில் நடந்த ஆய்வில் இளம் பைத்தான்கள் பெரும்பாலும் சிறு பறவைகளையே தின்பதாகத் தெரியவந்தது. கோழிக்குஞ்சின் இறகால் எலியைத் தடவிக் கொடுப்பதற்கும் அதனால் அர்த்தம் இருக்கிறது.

16. விழுங்கியபின் 48 மணி நேரம் தொடக் கூடாது. கக்கிவிட்டால் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் விட்டு, வெப்பத்தைச் சரிபார்த்து, வழக்கத்தில் பாதி அளவு எலியோடு தொடங்குங்கள். மறுபடி கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

17. மூச்சில் இரைச்சல், வாயோரம் நுரை, ஈறில் சிவப்பு அல்லது தயிர்போன்ற சீழ், தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகளாக உண்ணிகள்: இவற்றில் எது தெரிந்தாலும் சாப்பாட்டு முயற்சியை நிறுத்திவிட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எடை நோட்டையும், தொட்டியின் படத்தையும், கிடைத்தால் புதிய கழிவையும் எடுத்துச் செல்லுங்கள். வாயைத் திறந்து எலியைத் திணிக்கும் வேலையைக் காணொளி பார்த்து நீங்களே செய்யாதீர்கள். பல்லும் தொண்டையும் காயப்படும், எலி என்றாலே அதற்கு அச்சமும் வந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவந்து பல வாரமாகியும் ஒருமுறைகூடச் சாப்பிடாமல் இளைத்துவரும் குட்டிக்கு அப்படித் திணிப்பது தேவைப்படலாம். அதையும் மருத்துவரோ, அனுபவமுள்ள வளர்ப்பாளரோ செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.