சுகர் ஊசி, எடை ஊசி: போடுவதற்கு முன்பும் பின்பும்

எதிர்வீட்டுக்காரர் பத்து கிலோ இறங்கிவிட்டார் என்றதும் நமக்கும் கை துறுதுறுக்கும். அதே ஊசியால் கண் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தால் அன்றே நிறுத்தத் தோன்றும். இரண்டுமே ஆபத்து. செமாகுளுடைடு (ஓசெம்பிக், வெகோவி), டிர்செபடைடு (மவுஞ்சாரோ) போடுகிறவர்களும், பழைய சுகர் மாத்திரைக்காரர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். இந்த ஊசியால் எலிகளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது, மனிதர்களில் உறுதியாகவில்லை. ஆனாலும் ‘மெடுல்லரி’ வகை வந்த குடும்பத்தாருக்கு இந்த ஊசி கூடாது.

• டோஸை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 2021-இல் 1,961 பேரிடம் நடந்த செமாகுளுடைடு ஆய்வில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 17 சதவீதம்தான். டோஸ் கூடும் வாரங்களில்தான் தொல்லை அதிகம்.

• ஊசி தொடங்கும் முன் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். 2016-இல் வந்த ஆய்வில் செமாகுளுடைடு போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு விழித்திரைச் சிக்கல், போடாதவர்களில் 1.8. சுகர் மளமளவென்று இறங்குவதும் காரணமாக இருக்கலாம். கண் நரம்புக்கு ரத்தம் தடைபடும் நோய் வேறு. 10,000 பேரில் ஒருவருக்கு வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் சொன்னது. ஒரு கண் திடீரென மங்கினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

• மேல்வயிற்று வலி முதுகுவரை பாய்ந்தால் உடனே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். கணைய அழற்சியாகவோ பித்தப்பைக் கல்லாகவோ இருக்கலாம். கேஸ் என்று சோடா குடித்து நேரத்தைப் போக்குகிறவர்கள்தான் அதிகம்.

• ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். வெறும் வயிறு என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் இந்த ஊசியால் சாப்பாடு உள்ளேயே தங்கியிருந்து நுரையீரலுக்குள் போகலாம்.

• முட்டை, பருப்பு, மீன் என்று புரதத்தைக் கூட்டுங்கள், டம்பெல் தூக்குங்கள். இறங்கும் எடையில் தசையும் சேர்த்தி.

• மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறீர்களா? அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம், ரத்தத்தில் அளவு பாருங்கள். கால் மரத்துப்போவதற்கெல்லாம் சுகர்தான் காரணம் என்றில்லை.

செய்யக்கூடாதவை

• விரதமோ, வாந்தியோ, வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சுகர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் சஷ்டி விரதத்திலும் மாத்திரையை விடவில்லை. மீட்டர் 180 காட்டியதால் வீட்டில் யாரும் பதறவில்லை. மூன்று நாள் ஐசியூவில் கிடந்தார். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டிய மாத்திரை இது. அதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

• ஜிம்மிலும் பார்லரிலும் இன்ஸ்டாகிராமிலும் ஊசி வாங்காதீர்கள். போலி செமாகுளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது.

• வீட்டாரின் ஊசிப் பேனாவைப் பகிராதீர்கள். ஊசியை மாற்றினாலும் மருந்துக்குள் ரத்தம் திரும்பியிருக்கலாம்.

• இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுகிறவர்கள் அவற்றை அதே அளவில் வைத்துக்கொண்டு இந்த ஊசியையும் சேர்க்காதீர்கள். லோ சுகரில் மயங்கி விழலாம். எதைக் குறைப்பது என்று டாக்டர் சொல்லட்டும்.

• குழந்தைக்குத் திட்டமிடும்போது செமாகுளுடைடைத் தொடராதீர்கள். இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு தொடங்கிய முதல் நான்கு வாரமும், டோஸ் கூட்டிய ஒவ்வொரு முறைக்கும் பிறகு நான்கு வாரமும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள்.

• ‘மூலிகை ஸ்லிம்மிங் பவுடர்’ பக்கம் போகாதீர்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமைன் அப்படிப்பட்ட டப்பாக்களில் பலமுறை சிக்கியிருக்கிறது.

• ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்து ஊசியைப் பாதியில் விடாதீர்கள். தற்கொலை எண்ணம் வரும் என்ற சந்தேகத்தை ஐரோப்பிய முகமை ஆராய்ந்து, தொடர்புக்கு ஆதாரமில்லை என்று 2024-இல் சொன்னது. நிறுத்தினால் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பியதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

• பக்கவிளைவு வந்தால் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னபின் 1800-180-3024-க்கும் சொல்லுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் இந்திய அரசின் இலவச எண் அது.