கொய்னா நீரும் வறட்சிக் கணக்கும்

சாத்தாரா ஜில்லாவின் மேற்கோரத்தில் உள்ள மகாபலேஸ்வரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதே ஜில்லாவின் கிழக்கே, மாண் தாலுகாவில் 500 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல ஆண்டு என்பர். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை சஹ்யாத்திரி மலையே வாங்கிக்கொண்டுவிடுகிறது. அப்பால் உள்ளது மழைநிழல்.

இயற்கை இதற்கு ஓரளவு ஈடும் செய்திருக்கிறது. மலையில் பிறக்கும் கிருஷ்ணையும் அதன் துணையாறான கொய்னாவும் வறண்ட கிழக்கு நோக்கியே செல்கின்றன. நாமோ கொய்னாவை மறித்து, தேக்கிய நீரில் பெரும்பகுதியைச் சுரங்கவழியே மேற்கில் 400 மீட்டருக்கு மேல் விழச் செய்து மின்சாரம் எடுக்கிறோம். மொத்தத் திறன் 1,960 மெகாவாட். விழுந்த நீர் வாசிஷ்டி ஆற்றின் வழியே அரபிக்கடலைச் சேர்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை வேளையில் சில நிமிஷங்களில் இயங்கத் தொடங்குவது நீர்மின் நிலையமே. ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 1,000 லிட்டர் நீர் அவ்வுயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது சுமார் ஒரு யூனிட்.

2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. 2016 ஏப்ரலில் லாத்தூர் நகருக்கு மிரஜிலிருந்து குடிநீர் ரயிலில் சென்றது. முதல் ரயிலில் 10 தொட்டி வண்டிகள். 5 லட்சம் லிட்டர். அவ்வளவு நீரும் கொய்னாவில் மேற்கே விழுந்தால் 500 யூனிட்! நாலைந்து சிறு குடும்பங்களின் ஒரு மாதச் செலவு. நம்ப முடியாமல் இக்கணக்கை மூன்றுமுறை போட்டுப் பார்த்தேன்.

நிலக்கரி இருக்கிறதே என்பார் சிலர். அனல் நிலையமும் நீர் குடிப்பதுதான். பீட் ஜில்லாவின் பர்ளி நிலையம் 2015 ஜூலையில் தண்ணீரின்றியே நிறுத்தப்பட்டது. சூரியத் தகடுகளுக்கு இந்தத் தாகம் மிகக் குறைவு. மேகமற்ற வானம் அவற்றுக்கு அனுகூலமுங்கூட.

இன்னொரு விந்தை. சாங்லி ஜில்லாவின் ஜத் போன்ற தாலுகாக்களுக்குக் கிருஷ்ணை நீரை மைசாளிலிருந்து பம்புகளால் ஏற்றுகிறார்கள். மேற்கே நீரை விட்டு மின்சாரம் எடுக்கிறோம். கிழக்கே மின்சாரத்தை விட்டு நீரை ஏற்றுகிறோம்! இந்தப் பம்புகள் மாலைக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல. பகல் வெயிலிலேயே ஓடலாம். அக்டோபரில் அணையின் நீர்மட்டம் தெரிந்துவிடும். கிழக்குக்கு எவ்வளவு என்பதை அப்போதே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மேற்கே விடுவது என் யோசனை. ஏப்ரலில் யோசித்தால் ரயில்தான்.

மாலை நேரத்துக்குக் கொய்னா இன்னும் வேண்டியிருக்கும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறியியல் பயிலும் நண்பர் எவரேனும் அடுத்த இதழில் எழுதினால் மகிழ்வேன்.