கிரகணம் காட்டப் போகிறவளுக்கு

கண்ணு, அடுத்த சூரிய கிரகணத்தை உன் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீயே காட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைக்காரரே பதில் சொல்வார். நான் சொல்ல நினைப்பது வேறு, கண்ணைக் காப்பது பற்றி.

1. சூரியனைப் பார்க்கும்போது கண் வலிக்கட்டும், அப்போது பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. சூடான தோசைக்கல்லில் பட்ட விரல் தானாகப் பின்வாங்கும். விழித்திரைக்கு அந்த உணர்ச்சி கிடையாது. அது வெந்தாலும் உனக்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான், பலருக்கு மறுநாள் காலையில்தான், பார்வையின் நடுவே ஒரு கறை தெரியும். எக்ஸ்ரே படத்தை மடித்து வைத்துச் சூரியனைப் பார்த்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். மாலை வரை “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சிரித்துக்கொண்டிருந்தார். விடிந்து செய்தித்தாளைப் பிரித்தால், பார்க்கிற எழுத்து மட்டும் இல்லை, சுற்றியுள்ளவை இருக்கின்றன. சிலருக்குச் சில மாதங்களில் இது தேறும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

2. கூட்டத்தில் ஒரு வீரன் கட்டாயம் இருப்பான். “ஒரு விநாடிதானே” என்பான். அவனோடு வாதாடாதே, நியூட்டன் கதையைச் சொல். இளவயதில் அவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் விழுந்த சூரிய பிம்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எதைப் பார்த்தாலும் சூரியனே முன்னால் வந்து நின்றது. மூன்று நாள் இருட்டறையில் அடைந்து கிடந்துதான் ஓரளவு மீண்டார். 1691இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். எத்தனை பெரிய மூளை இருந்தாலும் கண் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

3. சூரியன் குறைந்துவிட்டது, வெளிச்சம் மங்கிவிட்டது, இனி பார்க்கலாம் என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தானது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்த வளையக் கிரகணத்தை நீயும் பார்த்திருப்பாய். அன்று நிலவு சூரிய வட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கை மறைத்தது. மிஞ்சிய ஆறு பங்கின் ஒளியே முழுநிலவைப் போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல். துண்டு சிறிதானாலும் அதன் கூர்மை குறைவதில்லை. 2010 ஜனவரி 15இல் தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் கண்ணாடியைக் கழற்றக் கூடாத நேரம்தான். முழுக் கிரகணத்தில் சூரியன் அறவே மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வளையத்துக்குக் கிடையாது.

4. பாட்டிகளைக் கேலி செய்யாதே. தட்டில் உலக்கையை நிறுத்திக் கிரகணம் பிடித்துவிட்டது என்பார்கள். அந்த உலக்கை மறுநாளும் நிற்கும், அதை மறுநாள் மெதுவாக நிறுத்திக் காட்டு. அகன்ற பாத்திரத்தில் மஞ்சள் நீரோ சாணி நீரோ ஊற்றி அதில் பார்ப்பவர்களுக்கு ‘நேரே பார்க்காதே’ என்கிற பாதி உண்மை தெரிந்திருக்கிறது. மீதிப் பாதி, நீரில் தெரியும் சூரியனும் கண்ணைச் சுடும் என்பது. அதை நீ சொல்லிக்கொடு.

சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்காகத் தமிழ் உள்படப் பல மொழிகளில் கையேடு கொண்டுவந்தார். அதை ஓர் உரையாடலாக எழுதினார். பழைய நம்பிக்கைக்காரருக்கும் அதில் பேச இடம் கொடுத்தார். நமக்கு இன்னும் அந்தப் பொறுமை வரவில்லை.

5. கண்ணாடி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி, இல்லையென்றால் 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. கூலிங் கிளாஸ், புகை படிந்த கண்ணாடி, குறுந்தட்டு எதுவும் ஆகாது. போட்டுக்கொண்டால் அறைக்குள் எதுவும் தெரியக் கூடாது. கீறலோ துளையோ இருந்தால் கத்தரித்துக் குப்பையில் போடு, சும்மா எறிந்தால் யாராவது பொறுக்கிக்கொள்வார்கள். தலையைக் குனிந்து மாட்டு, பிறகு நிமிர். கழற்றும்போதும் குனிந்துகொள்.

6. தொலைநோக்கிக்கு வடிகட்டி முன்பக்கம் இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் மாட்டுவது சூட்டில் விரிசல் விடும். பக்கத்திலுள்ள சிறு தேடுகுழாயையும் மூடிவை. கிரகணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்க்க யாரையும் விடாதே. தொலைநோக்கியை விட்டு டீ குடிக்கப் போகாதே.

7. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வானத்தைப் பார்க்காமலே பார்ப்பது. அட்டையில் ஊசித்துளை போட்டு, ஒரு மீட்டர் தள்ளிய தாளில் விழவிடு. ஒன்பது மில்லிமீட்டர் சூரியன் கிடைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் நகமளவு துளை விட்டு, இருபது மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் அடித்தால் சூரியன் ஏறக்குறைய ஒரு சாண் அகலம் வரும். ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் பார்க்கலாம். யாரும் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிடாமல் மட்டும் ஒருவர் காவல் நிற்கட்டும். ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்தால் தரையில் பிறைகள் வரிசை கட்டும். வேப்பமரத்தடியில் மரமே அந்த வேலையைச் செய்கிறது. முன்பு ஒரு கிரகணத்தின்போது, வெளியே வரப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த நிழலைப் பார்க்கத்தான் வாசலுக்கு வந்தார்கள். நான் பேசிய பேச்சுக்கு ஒருத்தரும் வரவில்லை.

8. 2031 மே 21இல் வளையக் கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வருகிறது. கத்திரி வெயில், அதுவும் உச்சிப் பொழுதை ஒட்டி. பந்தலும் குடிநீரும் ஏற்பாடு செய். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரைப் போடு. அவர் மேலே பார்க்க வேண்டாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்த வேலைக்கு ஆள் சேர்ப்பதுதான் கடினம், இப்போதே கேட்க ஆரம்பி. ஒரு குழுவுக்கு என் பெயரை எழுதிக்கொள்.